இன்சுலின் ஏன் இன்னும் மாத்திரையாக வரவில்லை? ஜொகூரில் தயாராகும் ஊசி மருந்தும் உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியும்

உங்கள் வீட்டு ஐஸ்பெட்டியின் கதவுத் தட்டில், முட்டைக்குப் பக்கத்தில், ஓர் இன்சுலின் பேனா இருக்கிறதா? மலேசியாவில் பல தமிழ்க் குடும்பங்கள் இந்தக் கேள்விக்கு "இருக்கு" என்றுதான் பதில் சொல்லும். அம்மாவுடையதாக இருக்கலாம், மாமாவுடையதாக இருக்கலாம், உங்களுடையதாகவும் இருக்கலாம்.

மலேசிய சுகாதார அமைச்சின் தேசிய உடல்நல ஆய்வின்படி, 2019-இல் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2023-இல் அது 15.6 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். இந்தியர்களிடையே இந்த விகிதம் மற்ற இனத்தவரைவிட அதிகம்.

அந்தப் பேனாவில் இருக்கும் மருந்து எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? அது ஜொகூரிலிருந்தே வந்திருக்கலாம். இஸ்கண்டார் புத்ரியில், முன்பு நூசாஜெயா என்று அழைக்கப்பட்ட பகுதியில், பயோ-எக்ஸ்செல் என்ற உயிர்த்தொழில்நுட்பப் பூங்கா உள்ளது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பயோகான் குழுமம் அங்கே இன்சுலின் ஆலை ஒன்றை நடத்துகிறது.

சரி, இன்சுலின் கண்டுபிடித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் ஏன் ஊசி? ஏன் ஒரு பேனா தெளிவாகவும் இன்னொன்று பால் போலக் கலங்கலாகவும் இருக்கிறது? மாத்திரையில் சிலவற்றை உடைக்கலாம், சிலவற்றை உடைக்கவே கூடாது என்கிறார்களே, அது ஏன்? இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. மருந்தாளர்கள் அதை 'ஃபார்முலேஷன்' என்பார்கள். தமிழில் மருந்து வடிவாக்கம் எனலாம்.

மருந்து வேறு, மாத்திரை வேறு

தைராய்டு குறைபாட்டுக்குக் கொடுக்கப்படும் லெவோதைராக்சின் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். 100 மைக்ரோகிராம் மாத்திரையில் உள்ள உண்மையான மருந்து, ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதை மட்டும் உங்கள் உள்ளங்கையில் வைத்தால் தூசி என்று ஊதிவிடுவீர்கள். கையில் பிடிக்கும்படி இருக்கும் மாத்திரையின் பெரும்பகுதி மருந்தே இல்லை.

மீதி எல்லாம் துணைப்பொருள்கள். அளவைக் கூட்ட ஒரு நிரப்பி, தூள் உதிராமல் இருக்க ஒரு பசை, வயிற்றுக்குள் போனதும் ஈரத்தை உறிஞ்சி மாத்திரையை வெடிக்க வைக்க ஒரு பொருள், அச்சில் ஒட்டாமல் இருக்க ஒரு வழுவழுப்பு, மேலே ஒரு பூச்சு. இவை நோயைக் குணப்படுத்துவதில்லை. ஆனால் மருந்து உடலில் எங்கே, எப்போது, எவ்வளவு வேகத்தில் வெளிவரும் என்பதை இவைதான் முடிவு செய்கின்றன.

வழியும் முக்கியம். ஆஸ்துமாவுக்குத் தரும் சல்பூட்டமால் மருந்தைப் பாருங்கள். மாத்திரையாகக் கொடுத்தால் 2 அல்லது 4 மில்லிகிராம். அதையே இன்ஹேலரில் உறிஞ்சினால், ஒரு முறை அழுத்தும்போது வருவது 100 மைக்ரோகிராம்தான். மாத்திரையில் இருப்பது அதைப்போல 20 முதல் 40 மடங்கு. நேராக நுரையீரலுக்கே போவதால் கொஞ்சம் மருந்தே போதும். இதயப் படபடப்பு, கை நடுக்கம் போன்ற தொந்தரவுகளும் குறைவு. மருந்தைத் தேவையான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதே மருந்து வழங்கல் துறையின் மையக் கேள்வி.

1922: முதல் ஊசி ஏன் கைகொடுக்கவில்லை?

கனடாவின் டொரொண்டோ நகரில், 1922 ஜனவரி 11 அன்று லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. ஃபிரெடரிக் பாண்டிங், சார்லஸ் பெஸ்ட் இருவரும் விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த சாறு அது. சர்க்கரை அளவு கொஞ்சம்தான் குறைந்தது. ஊசி போட்ட இடத்தில் கட்டி கிளம்பியது. சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள்.

மருந்து சரியானதுதான்; அதில் கலந்திருந்த அழுக்குதான் பிரச்சினை. ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியலாளர் ஆல்கஹாலின் அளவைப் படிப்படியாக மாற்றி அந்தச் சாற்றைச் சுத்தப்படுத்தினார். 12 நாள் கழித்து, ஜனவரி 23 அன்று போட்ட ஊசி வேலை செய்தது. சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

அதே மருந்து, அதே நோயாளி. மாறியது தயாரிப்பு முறை மட்டும்.

ஏன் விழுங்க முடியாது?

இன்சுலின் ஒரு புரதம். 51 அமினோ அமிலங்கள் இரண்டு சங்கிலிகளாகக் கோர்க்கப்பட்ட சிறிய புரதம். நீங்கள் சாப்பிடும் பருப்பும் மீனும்கூடப் புரதம்தானே? அவற்றை வயிறு என்ன செய்கிறதோ அதையே இன்சுலினையும் செய்யும். அமிலத்தில் நனைத்து, நொதிகளால் வெட்டி, துண்டு துண்டாக்கிச் செரித்துவிடும்.

ஒருவேளை வயிற்றைத் தப்பிவிட்டாலும் அடுத்த தடை குடல் சுவர். பாராசிட்டமால் போன்ற மருந்தின் மூலக்கூறு சிறியது. சுவரைக் கடந்து ரத்தத்துக்குள் போய்விடும். இன்சுலின் மூலக்கூறு எடையில் அதைப்போல 38 மடங்கு பெரியது. சாதாரணமாக அது கடந்து போகாது. எனவே செரிமானப் பாதையை விட்டு விலகி, தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புப் படலத்தில் மருந்தை வைக்க வேண்டியிருக்கிறது.

கலங்கல் பேனா, தெளிவான பேனா

ஊசியிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஆரம்பகால இன்சுலின் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நோயாளிகள் ஒரு நாளைக்குப் பல முறை, ராத்திரியிலும் எழுந்து, ஊசி போட வேண்டியிருந்தது. மருந்தை மெதுவாக வெளிவரச் செய்வது எப்படி?

வழி கண்டவர் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹாகெடார்ன். மீன் விந்திலிருந்து கிடைக்கும் புரோட்டமின் என்ற புரதத்தை அவர் 1936-இல் இன்சுலினோடு சேர்த்தார். இரண்டும் சேர்ந்தால் எளிதில் கரையாத துகள்களாகிவிடும். தோலுக்கு அடியில் அவை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இன்சுலினை விடுவிக்கும். அதே ஆண்டு டொரொண்டோவில் துத்தநாகம் சேர்த்தால் இன்னும் நீடிக்கும் என்று கண்டறிந்தார்கள். இவற்றின் வழியாக 1946-இல் வந்ததுதான் என்பிஎச் இன்சுலின். அந்த 'எச்' ஹாகெடார்னின் பெயர்.

இன்றைக்கும் அரசாங்கக் கிளினிக்குகளில் இது கொடுக்கப்படுகிறது. கலங்கலாக இருக்கக் காரணம் இந்தத் துகள்கள்தான், மருந்து கெட்டுப்போகவில்லை. ஆனால் துகள்கள் அடியில் படிந்துவிடும். அதனால்தான் கலங்கல் பேனாவை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டி, மேலும் கீழுமாக மெதுவாகப் புரட்டி, ஒரே சீராக வெள்ளையான பிறகு போடச் சொல்கிறார்கள். உருட்டாமல் போட்டால் ஒரு நாள் மருந்து குறைவாகவும் இன்னொரு நாள் அதிகமாகவும் போகும். "நேத்து சரியா இருந்துச்சு, இன்னிக்கு ஏன் இறங்கிருச்சு?" என்று குழம்புகிறவர்கள் முதலில் இதைச் சரிபார்க்கலாம். வேகமாகக் குலுக்கவும் கூடாது. நுரை வந்தால் அளவு தவறும்.

சாப்பாட்டுக்கு முன் போடும் சாதாரணத் தெளிவான இன்சுலினை ஏன் அரை மணி நேரம் முன்பே போட வேண்டும்? குப்பிக்குள் இன்சுலின் மூலக்கூறுகள் துத்தநாகத்தைச் சுற்றி ஆறு ஆறாகக் கைகோர்த்து நிற்கின்றன. அப்படி நின்றால்தான் மருந்து கெடாமல் இருக்கும். ஆனால் ஆறு பேர் சேர்ந்து ரத்தக்குழாயின் சின்ன வாசலில் நுழைய முடியாது. தோலுக்கு அடியில் ஒவ்வொன்றாகக் கழன்று வர அந்த நேரம் தேவை.

பிறகு விஞ்ஞானிகள் மூலக்கூறையே கொஞ்சம் மாற்றினார்கள். அஸ்பார்ட் வகையில் ஒரே ஓர் அமினோ அமிலம் மட்டும் மாற்றப்பட்டது. கைகோர்ப்பு தளர்ந்ததால் 10, 20 நிமிடத்தில் வேலை தொடங்கிவிடும். இதைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். தட்டு மேசைக்கு வந்த பிறகுதான் போட வேண்டும்.

நீண்ட நேரம் வேலை செய்யும் கிளார்ஜின் இன்னொரு உத்தி. பேனாவுக்குள் அந்தத் திரவம் அமிலத் தன்மை கொண்டது, பிஎச் அளவு 4. அங்கே மருந்து கரைந்து தெளிவாக இருக்கும். நம் உடலின் பிஎச் 7.4. ஊசி உள்ளே போனதும் அமிலம் தணிகிறது. மருந்து அங்கேயே நுண்ணிய படிவாக உறைகிறது. அந்தப் படிவு சுமார் 24 மணி நேரம் மெல்லக் கரைகிறது. அதனால் ஒரு நாளைக்கு ஒரு ஊசி போதும். வேறு இன்சுலினோடு இதைக் கலக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். கலந்தால் அமிலத் தன்மை கெட்டு, மொத்தக் கணக்கும் குலைந்துவிடும்.

ஜொகூர் ஆலையில் என்ன நடக்கிறது?

ஒரு காலத்தில் இன்சுலின் பன்றி, மாடு இவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. சுமார் 225 கிராம் இன்சுலின் எடுக்க இரண்டு டன்னுக்கும் மேல் பன்றி உறுப்புகள் தேவைப்பட்டன. 1978-இல் அமெரிக்காவில் மனித இன்சுலினின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து உற்பத்தி செய்து காட்டினார்கள். 1982-இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. விலங்குகளிலிருந்து எடுப்பது படிப்படியாக வழக்கொழிந்தது.

பயோகான் பாக்டீரியாவுக்குப் பதிலாகப் பிக்கியா என்ற ஒருவகை ஈஸ்டைப் பயன்படுத்துகிறது. மாவு புளிக்க வைக்கும் ஈஸ்டுக்கு இது தூரத்துச் சொந்தம். பெரிய எஃகுத் தொட்டிகளில் ஈஸ்ட் வளர்கிறது. இன்சுலினின் முன்வடிவத்தைச் சுரந்து வெளியே விடுகிறது. அதை நொதியால் வெட்டி இன்சுலினாக்கி, பல கட்டங்களில் வடித்துச் சுத்தம் செய்கிறார்கள்.

அதன் பிறகுதான் வடிவாக்கம். சுத்தமான இன்சுலினோடு துத்தநாகம், உடல் திரவத்தோடு ஒத்துப்போக கிளிசரால், கிருமி வளராமல் தடுக்க கிரெசால் போன்றவை சேர்க்கப்படும். பேனாவில் ஊசி மாட்டும்போது ஒரு மருத்துவமனை வாசம் வருமே, அது இந்தக் கிரெசாலின் வாசம். புரதம் என்பதால் கொதிக்க வைத்துக் கிருமி நீக்க முடியாது. பாக்டீரியா புக முடியாத மிக நுண்ணிய வடிகட்டி வழியாகச் செலுத்தி, கிருமியற்ற அறையில் 3 மில்லிலிட்டர் குழல்களில் அடைக்கிறார்கள். ஒவ்வொரு குழலிலும் 300 யூனிட்.

2016-இல் மலேசிய சுகாதார அமைச்சு மனித இன்சுலின் குழல்களும் பேனாக்களும் வழங்க இந்த நிறுவனத்துக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் கொடுத்தது. மதிப்பு 30 கோடி ரிங்கிட். 2020 ஜூன் மாதம் இந்நிறுவனத்தின் கிளார்ஜின், செம்கிளீ என்ற பெயரில், அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அனுமதி பெற்றது. 2021 ஜூலையில், மூல மருந்துக்குப் பதிலாக மருந்தகத்திலேயே மாற்றிக் கொடுக்கலாம் என்ற தகுதியை அமெரிக்காவில் பெற்ற முதல் பயோசிமிலர் மருந்தாகவும் அது ஆனது.

"கிளினிக்ல பேனாவை மாத்திட்டாங்க, இது மட்டமான மருந்தா?"

இந்தக் கேள்வி பல வீடுகளில் எழுகிறது. பாராசிட்டமால் போன்ற சிறிய மூலக்கூறை எந்த ஆலையில் செய்தாலும் அணுவுக்கு அணு ஒன்றாகவே இருக்கும். அதன் நகலை 'ஜெனரிக்' என்கிறோம். உயிருள்ள செல்லில் வளர்த்து எடுக்கும் புரதத்தில் முழு நகல் என்று உரிமை கொண்டாட முடியாது. அதனால்தான் 'பயோசிமிலர்', அதாவது உயிரி ஒத்த மருந்து என்ற பெயர். மூல மருந்தோடு பக்கத்தில் வைத்து அமைப்பு, உடலில் அது நடந்துகொள்ளும் விதம், பாதுகாப்பு எல்லாவற்றையும் ஒப்பிட்டுக் காட்டிய பிறகே அனுமதி.

ஆகவே பெயர் மாறியது என்பதற்காக மருந்தை நிறுத்த வேண்டாம். அதே நேரத்தில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, பழைய பேனாவும் புதுப் பேனாவும் வேறு வேறு; ஒரு நிறுவனத்தின் குழல் இன்னொரு நிறுவனத்தின் பேனாவில் சரியாகப் பொருந்தாமல் போகலாம், அளவும் தவறலாம். இரண்டு, மாற்றிய முதல் சில வாரங்களில் சர்க்கரையை வழக்கத்தைவிட அடிக்கடி சோதித்துக் குறித்து வையுங்கள்.

மலேசியாவில் விற்கப்படும் மருந்துகளைத் தேசிய மருந்தக ஒழுங்குமுறை முகமை பதிவு செய்கிறது. பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 'இனிப்புநீர் குணமாக்கும்' பொட்டலங்களை வாங்கும் முன் இந்த ஒரு நிமிடச் சோதனை அவசியம்.

ஊரிலிருந்து இன்சுலின் கொண்டு வருகிறீர்களா?

தமிழ்நாட்டுக்குப் போய் வரும்போது மருந்து வாங்கி வருவது நம்மிடையே வழக்கம். இன்சுலின் விஷயத்தில் இது ஆபத்தாகலாம்.

மலேசியாவில் ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட் உள்ள இன்சுலினே வழக்கம். இந்தியாவில் விற்கும் குப்பிகளில் பல, ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் கொண்டவை. அதற்கென்று தனி சிரிஞ்சு உண்டு. இங்குள்ள 100 யூனிட் மருந்தை அந்த 40 யூனிட் சிரிஞ்சில் எடுத்தால், 20 யூனிட் என்று நினைத்து 50 யூனிட் போட்டுவிடுவீர்கள். இரண்டரை மடங்கு. சர்க்கரை தலைகீழாக இறங்கி மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மாறாக, அங்குள்ள 40 யூனிட் மருந்தை இங்குள்ள சிரிஞ்சில் எடுத்தால் 20-க்குப் பதில் 8 யூனிட்தான் போகும். மருந்தையும் சிரிஞ்சையும் எப்போதும் ஒரே ஜோடியாக வையுங்கள்.

எந்த மாத்திரையை உடைக்கக் கூடாது?

மெட்ஃபார்மின் மாத்திரையில் இரண்டு வகை உண்டு. சாதாரண வகை சீக்கிரம் கரைந்துவிடும். பெட்டியில் 'எக்ஸ்ஆர்' என்று போட்டிருந்தால் அது நீடித்து வெளியாகும் வகை. தண்ணீர் பட்டதும் அதன் மேற்பரப்பு ஜவ்வரிசிபோல் ஊதி வழவழப்பான கூழாகிறது. அந்தக் கூழின் ஊடாக மருந்து பல மணி நேரம் கசிந்து வருகிறது. வயிற்றுப்போக்கு, குமட்டல் குறைவாக இருக்கும் என்பதே இதன் பயன்.

சிலர் மலத்தில் மாத்திரை முழுசாகக் கிடப்பதைப் பார்த்துப் பதறுகிறார்கள். "மருந்து உடம்புல சேரவே இல்லை" என்று இரண்டாவது மாத்திரையும் போட்டுக்கொள்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். வெளியே வந்தது மருந்து கசிந்து முடிந்த வெறும் கூடு.

இந்த மாத்திரையை அம்மியில் நசுக்கியோ மென்றோ சாப்பிட்டால், பல மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். மெட்ஃபார்மினில் வயிற்றுத் தொந்தரவு. ரத்த அழுத்த மருந்தில் இது இன்னும் மோசம்: நீடித்து வெளியாகும் நிஃபிடிபின் மாத்திரையை நசுக்கினால் அழுத்தம் திடீரென்று சரிந்து, வயதானவர் விழுந்துவிடலாம். அந்த மாத்திரைகளில் ஒருவகை, சின்ன பம்பு மாதிரி. தண்ணீரை உறிஞ்சி உள்ளே ஊதும் ஒரு படலம், லேசரால் போட்ட ஒரு துளை, அதன் வழியாக ஒரே சீராக மருந்து.

வயிற்று அமிலம் தாக்காத பூச்சு கொண்டவையும் உண்டு. ஒமிப்ரசோல் கேப்ஸ்யூலுக்குள் இருக்கும் சிறு மணிகள் அப்படிப்பட்டவை. அமிலம் பட்டால் அந்த மருந்தே அழிந்துவிடும்; எனவே குடலுக்குப் போன பிறகே பூச்சு கரையும்படி செய்திருக்கிறார்கள். மணிகளை அரைத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் ஜிடிஎன் மாத்திரையோ நேர் எதிர். அதை விழுங்கினால், குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய் பெரும்பகுதி அழிந்துவிடும். நாக்கின் அடியில் வைத்தால் கல்லீரலைத் தாண்டி உடனே ரத்தத்தில் கலக்கும். அது எளிதில் ஆவியாகும் மருந்தும்கூட. அது வந்த கண்ணாடிக் குப்பியிலேயே வைத்திருங்கள். வாரத்துக்கான மாத்திரை டப்பாவுக்கு மாற்றாதீர்கள்.

நினைவில் கொள்ள ஒரு வழி: பெயருக்குப் பின்னால் 'எக்ஸ்ஆர்', 'எஸ்ஆர்', 'எம்ஆர்', 'ஈசி', 'எல்ஏ' போன்ற எழுத்துகள் இருந்தால் நசுக்கும் முன் மருந்தாளரைக் கேளுங்கள். நடுவில் கோடு போட்ட சிலவற்றைப் பாதியாக உடைக்கலாம், ஆனால் அவற்றையும் நசுக்கக் கூடாது. பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கச் சிரமப்படுபவரை வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். பல மருந்துகளுக்குத் திரவ வடிவமோ மாற்று மருந்தோ இருக்கிறது.

ஊசியே இல்லாத நாள் வருமா?

முயற்சிகள் நடந்துகொண்டே இருக்கின்றன. மூச்சில் உறிஞ்சும் இன்சுலின் 2006-இல் அமெரிக்காவில் வந்தது. பெரிய கருவி, மந்தமான விற்பனை, மறு ஆண்டே நிறுத்தப்பட்டது. 2014-இல் இன்னொன்று வந்தது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஏற்றதல்ல. நீண்ட நேர இன்சுலினையும் அது ஈடு செய்யாது.

விழுங்கும் வழியில் கிடைத்த முக்கியமான வெற்றி இன்சுலினில் வரவில்லை, செமாகுளுடைடு என்ற இன்னொரு நீரிழிவு மருந்தில் வந்தது. 2019-இல் அமெரிக்காவில் அதன் மாத்திரை அனுமதி பெற்றது. உள்ளே ஸ்னாக் என்ற துணைப்பொருள், மாத்திரை கிடக்கும் இடத்தில் மட்டும் அமிலத்தைத் தணித்து, வயிற்றுச் சுவர் வழியாக மருந்து நுழைய உதவுகிறது. அப்படியும் நூற்றில் ஒரு பங்கு அளவுதான் ரத்தத்தில் சேர்கிறது. வார ஊசியில் 1 மில்லிகிராம் தரும் இடத்தில், மாத்திரையில் தினமும் 14 மில்லிகிராம் வரை தேவைப்படுகிறது. வெறும் வயிற்றில், அரை டம்ளர் தண்ணீரோடு எடுத்து, பசியாறுவதற்கு முன் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். தேத்தண்ணியோடு விழுங்கினால் விலை உயர்ந்த மருந்து வீண்.

இன்சுலினில் அண்மைய முன்னேற்றம், ஊசிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. ரத்தத்தில் உள்ள ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு வாரம் நீடிக்கும் ஐகோடெக் இன்சுலினுக்கு 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி தந்தது. வருஷத்துக்கு 365 ஊசி என்பது 52 ஆகிறது.

நானோ மருந்துகள் ஏதோ எதிர்காலக் கதை என்று நினைக்காதீர்கள். 2021-இல் கோவிட்டுக்கு ஃபைசர் தடுப்பூசி போட்டிருந்தால் அது உங்கள் கைக்குள் வந்துவிட்டது. எளிதில் உடையும் ஆர்என்ஏ இழையை நான்கு வகைக் கொழுப்புகளால் ஆன நுண்ணிய உருண்டைக்குள் வைத்துதான் அந்தத் தடுப்பூசி செல்லுக்குள் அனுப்பப்பட்டது. அந்த உறை இல்லாவிட்டால் மருந்து போய்ச் சேர்ந்திருக்காது.

ஜொகூர் வெயிலும் மோட்டார் இருக்கையும்

இன்சுலின் போடுகிறவர்களில் சிலர் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். பேனா எங்கே இருக்கும்? இருக்கைக்கு அடியில். பகல் முழுக்க வெயிலில் நிற்கும் மோட்டாரின் இருக்கைப் பெட்டியும், நிறுத்தி வைத்த காடியின் உள்பக்கமும் இன்சுலினுக்கு அடுப்பு மாதிரி. பூட்டிய காடிக்குள் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். சூட்டில் புரதம் சுருண்டு குலைந்துவிடும். முட்டை வெந்தால் மறுபடி பச்சை முட்டை ஆகாது அல்லவா? இன்சுலினும் அப்படித்தான். பார்க்க முன்பு போலவே இருக்கலாம், வேலை செய்யாது.

பொதுவான விதிகள் இவை:

* திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வையுங்கள். ஐஸ் அறைக்குப் பக்கத்தில் வேண்டாம். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. தூக்கிப் போட வேண்டியதுதான்.
* திறந்ததை 30 டிகிரிக்குள் வெளியில் வைக்கலாம். பெரும்பாலானவற்றுக்கு 28 நாள் கணக்கு. சில வகைகளுக்கு வேறு. திறந்த தேதியைப் பேனாவிலேயே எழுதி ஒட்டுங்கள்.
* வேலைக்குக் கொண்டு போகும்போது உடலோடு இருக்கும் பையில், சிறிய குளிர்ப் பையில் வையுங்கள். ஐஸ் கட்டி நேரடியாக மருந்தைத் தொடக் கூடாது.
* தெளிவாக இருக்க வேண்டியது கலங்கினாலோ, உருட்டிய பிறகும் கட்டி கட்டியாக மிதந்தாலோ பயன்படுத்தாதீர்கள்.
* ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தாதீர்கள். அங்கே கொழுப்புக் கட்டி உருவாகும். வலிக்காது என்பதால் பலர் அதிலேயே போடுகிறார்கள்; ஆனால் அங்கிருந்து மருந்து ஒழுங்காக ரத்தத்துக்குப் போகாது.
* பொத்தானை அழுத்திய பிறகு பத்து வரை எண்ணிவிட்டு ஊசியை எடுங்கள்.

மின்சாரம் போன ஒரு ராத்திரிக்காக எல்லா மருந்தையும் குப்பையில் போடவும் வேண்டாம். கென்யாவின் அகதி முகாம் ஒன்றின் வெப்பநிலையை அடிப்படையாக வைத்து, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் நடத்திய ஆய்வு 2021-இல் வெளியானது. 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் வைத்த இன்சுலினும் தன் வீரியத்தை இழக்கவில்லை என்று அது கண்டது. சாதாரண அறைச் சூட்டை இன்சுலின் கொஞ்சம் தாங்கும். மோட்டார் இருக்கையின் சூட்டைத் தாங்காது. சந்தேகம் இருந்தால் மருந்தாளரிடம் காட்டிக் கேளுங்கள்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது

மருந்து வாங்கும் சாளரத்தில் எண் வந்ததும் பையை வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறோம். அடுத்த முறை ஒரு நிமிடம் நின்று இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: இது எவ்வளவு நேரம் வேலை செய்யும்? சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்பு அல்லது பின்பு? உடைக்கலாமா, நசுக்கலாமா? எங்கே வைக்க வேண்டும்? மருந்தாளர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். கேட்பது தொந்தரவு இல்லை.

"ஊசி போட ஆரம்பிச்சாலே கடைசிக் கட்டம்தான்" என்று நம் வீடுகளில் இன்னும் சொல்லப்படுகிறது. அந்தப் பயத்தால் ஊசியைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு இதற்கிடையே கண்ணும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். இன்சுலின் தோற்றுப்போனவர்களுக்கான தண்டனை அல்ல. உடம்பு போதுமான அளவு சுரக்காத ஒன்றை, வயிற்றைத் தவிர்த்துவிட்டு வேறு வழியாகக் கொடுக்கிறோம். ஆரம்பிப்பதா வேண்டாமா, எந்த வகை, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நீங்களாக அளவை மாற்ற வேண்டாம்.

இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. ஐஸ்பெட்டியைத் திறந்து, அந்தப் பேனாவை எடுத்துப் பாருங்கள். திறந்த தேதி எழுதியிருக்கிறதா?